சரிவில் எடை காப்பாற்றாது

டிராக்டரில் மாட்டிப் புல் அறுக்கும் எந்திரங்களில் "கனமான டிரம் மோவர்தான் மலைச்சரிவில் கவிழாது" என்று சிலர் சொல்வது தவறு, நம்பி இறங்கினால் உயிருக்கே ஆபத்து. 1.65 மீட்டர் டிரம் மோவர் 300 கிலோவுக்கு மேல் வரும். டிராக்டருக்கு வலப்பக்கம் தள்ளி நிற்கும். அந்தப் பக்கம் பள்ளமானால் அந்த எடையே வண்டியைக் கீழே இழுக்கும்.

சென்னையிலிருந்து ஏலகிரி, ஜவ்வாது பக்கம் போய்வந்து ஓரிரு ஏக்கர் பார்ப்பவர்களுக்கு, பின்னால் நடந்து ஓட்டும் சிக்கிள் பார் மோவரே சரி. இதில் கத்தி அடித்தகட்டின் மேல் இடவலமாக ஓடி, கத்தரிக்கோல் போலப் புல்லை வெட்டும். சரிவுக்குக் குறுக்காக ஓட்டுங்கள். புல் அறுபடாமல் மடிந்து உள்ளே சிக்கினால், கத்திக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும். மேலே பிடிக்கும் கிளிப்பைச் சரிசெய்து, கத்தி தகட்டை ஒட்டி ஓடும்படி வையுங்கள். முற்றிய கோ-4 தீவனப்புல்லின் தண்டுக்கு மட்டும் இது ஆகாது, அதற்கு இரும்பு பிளேடு போட்ட பிரஷ் கட்டர்தான். பணம் கட்டுமுன் கத்தியும் அடித்தகடும் உதிரியாகக் கிடைக்குமா என்று கடையில் கட்டாயம் கேளுங்கள்.