அலாய் வீலில் ஆசிட் அடிக்க விடாதீர்கள்

என் காரின் முன் வீல் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு, புழு ஊர்ந்த தடம் மாதிரி. விரலால் தடவினால் வழவழவென்றுதான் இருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. அரிப்பு கிளியர் கோட்டுக்கு, அதாவது மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சுக்கு, அடியில் நடக்கிறது.

அது டயமண்ட் கட் வீல். அலுமினிய முகப்பை லேத்தில் சீவி, மேலே மெல்லிசாக கிளியர் கோட் அடித்திருப்பார்கள். பிளாட்பாரத்தில் உரசி அந்தப் பூச்சில் சின்னக் கீறல் விழுந்தாலும் போதும், உப்பு உள்ளே இறங்கிவிடும். கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பழி முழுவதையும் கடல் மேல் போட முடியாது. ஒரு வருடமாக நான் வண்டி விட்ட வாட்டர் சர்வீஸில் எந்த வீல் வந்தாலும் ஒரே பாட்டில்தான்.

"என்ன தம்பி அடிக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன். "ஆசிட்தாண்ணே, தண்ணி கலந்திருக்கு" என்றான். கையுறை இல்லை. விரல் நுனியெல்லாம் தோல் வெளுத்து உரிந்திருந்தது.

ஒவ்வொரு வீலும் ஒவ்வொரு ரகம். பெயின்ட் அடித்த வீலுக்கு கார் ஷாம்பும் மெத்தென்ற பிரஷும் போதும். பூச்சே இல்லாத பாலிஷ் அலுமினியத்துக்கு ஆசிட்டும் ஆகாது, காரமும் ஆகாது. இரண்டுமே அலுமினியத்தைத் தின்னும். நம் வீல் எந்த ரகம் என்று தெரியவில்லையா? மறைவான இடத்தில் துளி மெட்டல் பாலிஷை வெள்ளைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். துணி கறுத்தால் வெறும் உலோகம். கறுக்காவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. குரோம் வீலில் ஆசிட்டும் படக் கூடாது, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் படவே கூடாது.

கறுப்பாகப் படிவது பிரேக் தூசி, அதில் இரும்புத் துகள் உண்டு. அதற்கென்றே அமிலமில்லாத அயர்ன் ரிமூவர் கிடைக்கிறது. அடித்ததும் ஊதா நிறத்தில் வழியும், பயப்பட வேண்டாம், காயவிடாமல் கழுவிவிடுங்கள். பாண்டிச்சேரி போய்த் திரும்பிய கையோடு சூடான வீலில் எதையும் அடிக்காதீர்கள். மருந்து அங்கேயே காய்ந்து திட்டாகிவிடும். சில்வர் பீச்சில் வண்டி நின்றிருந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றி அலசுங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, அதனால் நான் உடனே துணியால் ஒற்றி எடுத்துவிடுகிறேன்.

சரி, வீல் போனால் பணம் போகும். அந்தத் தம்பியின் கை? கடுமையான வீல் கிளீனர்கள் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும். நீர்த்த நிலையில் அது பட்டவுடன் எரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும், அதற்குள் தோலைக் கடந்து உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த பாட்டிலில் லேபிளே இல்லை. உள்ளே என்ன ஆசிட் என்று அவனுக்கும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடமே பேசினேன். என் வண்டிக்கு ஷாம்பு மட்டும் போதும், நேரமானாலும் பரவாயில்லை என்றேன். பத்து நிமிடம் கூடுதலாக ஆனது. வீல் சுத்தமாகத்தான் இருந்தது.