அந்தம்மா என்ன கேட்டாங்கன்னு முதல்ல சொல்லுங்க

டைம்லைன் முழுக்க அந்த "பிக்கி" வீடியோதான் ஓடுது. 2025 நவம்பர்ல ப்ளேன்ல நின்னுக்கிட்டு அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு பெண் நிருபரைப் பாத்து விரலை நீட்டி "சும்மா இரு, பன்னிக்குட்டி"ங்கிறாரு, அதுக்கு நம்மாளுங்க சிரிப்பு எமோஜி, மீம், "மாஸ்"னு கமெண்ட். கண்டிச்சு எழுதுனவங்களும் இருக்காங்க, இல்லேங்கல. ஆனா சிரிச்சவங்களும் சரி, கண்டிச்சவங்களும் சரி, அந்தம்மா என்ன கேட்டாங்கன்னு ஒருத்தர்கூட எழுதல. அதுதான் எனக்கு பத்திக்கிட்டு வருது.

எப்ஸ்டீன் பத்தி கேட்டாங்க, சின்னப் பொண்ணுங்களை நாசம் பண்ண அந்த அமெரிக்கப் பணக்காரன். அதே வாரம்தான் அவனோட ஈமெயிலுங்க வெளிய வந்துச்சு, அதுல ஒண்ணுல டிரம்புக்கு அந்தப் பொண்ணுங்க விஷயம் தெரியும்னு அவன் எழுதியிருக்கான். அவன் கேஸ் ஃபைல்ல உங்களுக்கு எதிரா ஒண்ணும் இல்லேன்னா ஏன் சார்னு ஆரம்பிச்சாங்க, முடிக்கவே விடல. கேள்வி அவ்ளோதான். அதுல என்னங்க தப்பு?

இன்னிக்கு எல்லாரும் எப்ஸ்டீன் எப்ஸ்டீன்னு பேசுறோமே, இது எப்படி வெளிய வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? 2005லயே ஃபுளோரிடாவுல பாம் பீச் போலீஸ்ல 14 வயசுப் பொண்ணோட குடும்பம் புகார் குடுத்தாச்சு. போலீஸ் தோண்டத் தோண்ட ஒவ்வொரு பொண்ணா வந்தாங்க. பாலத்துக்கு இந்தப் பக்கம் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைங்க, அந்தப் பக்கம் அவன் பங்களா. மசாஜ்னு கூப்பிடுவான், கையில 200, 300 டாலர், இன்னொரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தா அதுக்கும் காசு. இவ்ளோ தெரிஞ்சும் 2008ல என்னாச்சு? பதினெட்டு மாசம் தண்டனை, அதுல உள்ள இருந்தது ஏறக்குறைய 13 மாசம், அதுலயும் வாரத்துக்கு ஆறு நாள், நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் வெளிய ஆபீஸுக்குப் போயிட்டு வரலாம். கூட்டாளிங்க மேலயும் மத்திய அரசு கேஸ் போடாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணுங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல. அந்த டீலை முடிச்ச அரசு வக்கீல் அகோஸ்டா 2017ல தொழிலாளர் துறை அமைச்சர்!

அப்பதான் மியாமி ஹெரால்டு பத்திரிகை நிருபர் ஜூலி கே. பிரவுன் பழைய கேஸ் பேப்பரை எல்லாம் தோண்டி எடுக்குறாங்க. உங்க முதலாளிக்கு ஒரு போன் போகும், அப்புறம் உங்களை இரங்கல் செய்தி எழுத உக்கார வச்சிருவாங்கன்னு பாம் பீச் போலீஸ் சீஃபா இருந்தவரே சொல்லியிருக்காரு. அவங்க விடல. ஏறக்குறைய 80 பொண்ணுங்களை அடையாளம் கண்டாங்க, பேச வந்தது எட்டே பேர். அதுல கேமரா முன்னாடி முகம் காட்டிப் பேசுனது நாலு பேர், எமிலி மிஷோட்னு ஒரு போட்டோகிராபர் அதைப் பதிவு பண்ணாங்க. 2018 நவம்பர்ல வந்துச்சு. 2019 ஜூலைல எப்ஸ்டீன் கைது, அதே மாசம் அகோஸ்டா ராஜினாமா. கேள்வி கேட்டதாலதான் நடந்துச்சு. ப்ளேன்ல அந்தம்மா கேட்டதும் அதே வரிசையில வர்ற கேள்விதான்.

நானும் கொஞ்ச காலம் மாவட்டத்துல நிருபரா இருந்தவ. ஒரு பெரிய மனுஷன் பிரஸ் மீட்ல, அவரோட ஹாஸ்டல் பொண்ணுங்க குடுத்த புகார் பத்தி கேட்டேன். மனுஷன் மேலயும் கீழயும் பாத்துட்டு "பாப்பா எந்தப் பேப்பரு? கல்யாணம் ஆயிடுச்சா?"ன்னாரு. அவர் கேட்டதைவிட, என் பக்கத்துல உக்காந்திருந்த அண்ணனுங்க கொல்லுனு சிரிச்சதுதான் இன்னும் காதுல இருக்கு. சமோசா வந்துச்சு, டீ வந்துச்சு, கவர் வந்துச்சு. மறுநாள் அவர் ஸ்காலர்ஷிப் குடுத்த போட்டோதான் எல்லாப் பேப்பர்லயும். நான் எழுதுனதை டெஸ்க்ல ஆதாரம் பத்தாதுன்னு நிறுத்திட்டாங்க. அந்தப் பிள்ளைங்க என்ன ஆனாங்கன்னு கேக்க அப்புறம் யாரும் இல்ல. அதனால தயவுசெஞ்சு எங்கிட்ட வந்து "ஒரு வார்த்தைதானே, லைட்டா எடுத்துக்கங்க"ன்னு சொல்லாதீங்க. நாலு பேர் சிரிச்சா கேள்வி செத்துரும், அதுக்காகத்தான் அந்த வார்த்தையையே சொல்றாங்க.

டிரம்ப் மேல இதுல கேஸ் எதுவும் இல்லையேம்பீங்க. இல்லதான். தப்பு எதுவும் பண்ணலன்னு அவரும் சொல்றாரு. ஃபைல்ல பேர் இருந்தாலே குற்றவாளின்னு நானும் சொல்லல. அப்ப பதில் சொல்றதுல என்ன கஷ்டம்? முன்னாள் அதிபர் கிளிண்டன் மட்டும் யோக்கியமாம்பீங்க. அவரையும் கேளுங்க, யார் வேணாம்னா?

மீடியா மட்டும் ஒழுங்கான்னு கேப்பீங்க, நியாயம்தான், இது எனக்கே வலிக்கிற இடம். 2003லயே வேனிட்டி ஃபேர் பத்திரிகை எப்ஸ்டீனைப் பத்தி பெருசா எழுதுச்சு, அக்கா தங்கச்சி ரெண்டு பேர் சொன்ன புகாரு மட்டும் அச்சுல வரல. நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருத்தர் ஒரு அமைப்புக்காக அவங்கிட்டயே 30,000 டாலர் நன்கொடை வாங்கியிருக்காரு. அவன்கிட்ட வாங்குனவங்களும் இருந்தாங்க, அவனைப் பத்தி கேட்டவங்களும் இருந்தாங்க. நீங்க திட்டுறது யாரை? கேட்டவங்களை!

அமெரிக்கா கதை நமக்கெதுக்குன்னு ஒருத்தர் கேட்டாரு. மீம் போடுறப்ப மட்டும் அமெரிக்கா நம்மூரா சார்?

எப்ஸ்டீன் ஃபைலை வெளியிடணும்னு 2025 நவம்பர்ல சட்டமும் வந்தாச்சு, அமெரிக்க நாடாளுமன்றக் கீழ்சபையில 427க்கு 1 ஓட்டு, டிரம்பே கையெழுத்து போட்டுட்டாரு. உடனே என் இன்பாக்ஸ்ல "அக்கா லிஸ்ட் எப்ப வரும், யார் யார் பேரு இருக்கு"ன்னு ஒரே விசாரிப்பு. பேரு பேருன்னு பறக்குறீங்களே, அந்தப் பொண்ணுங்கள்ள ஒருத்தர் பேரு தெரியுமா உங்களுக்கு? தன் பேரைச் சொல்லி, முகத்தைக் காட்டி, பிரிட்டன் ராஜா வீட்டுப் பிள்ளை ஆண்ட்ரூ மேலயே கேஸ் போட்ட வர்ஜீனியா ஜுஃப்ரே 2025 ஏப்ரல்ல செத்துப் போயிட்டாங்க, 41 வயசு, மூணு பிள்ளைங்க. அன்னிக்கு இந்த டைம்லைன்ல ஒரு ஆர்ஐபி கூட நான் பாக்கல. லிஸ்ட் கேட்டு எனக்கு மெசேஜ் அனுப்பாதீங்க. ஜூலி பிரவுன் எழுதுன அந்தத் தொடரைத் தேடிப் படிங்க, நெட்லயே கிடைக்குது. படிச்சுட்டு வாங்க, பேசுவோம்.