வணிக மாதிரி வரிசையைச் சொல்வதில்லை

மின்வணிக அமைப்புக்கு வணிக மாதிரியை, அதாவது யார் யாருடன் எதைப் பரிமாறிக்கொள்கிறார் என்ற படத்தை, வரைந்துவிட்டால் போதும், அதிலுள்ள கோடுகளே வேலை நடக்கும் வரிசையையும் காட்டிவிடும் என்று சொல்லப்படுவதுண்டு. பலர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பதால், இந்த ஒன்றை மட்டும் பணிவுடன் திருத்த விரும்புகிறேன்.

ஈ3வேல்யூ (e3value) போன்ற வரைமுறையில் வரையும் வணிக மாதிரியில் ஒரு கோடு, யார் யாருக்கு மதிப்புள்ள எதைத் தருகிறார், அதற்கு ஈடாக எதைப் பெறுகிறார் என்பதைக் குறிக்கிறதே தவிர, எது முந்தி, எது பிந்தி என்பதைக் குறிப்பதில்லை. வரிசையைக் காட்டுவது, வேலையைப் படிப்படியாக வரையும் செயல்முறை மாதிரியின் வேலை. செயல்முறைகளை வரைவதற்கென 2011இல் வெளியான பிபிஎம்என் (BPMN) 2.0 தரநிலை அதற்கென்றே தனி அம்புக்குறியை வரையறுத்திருக்கிறது.

இதை யாரும் ஒரு தாளில் சரிபார்க்கலாம். வாங்குபவர், விற்பவர் என்று இரண்டு பெட்டிகளும், பொருளுக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று என இரண்டு கோடுகளும் வரையுங்கள். முன்பணம் செலுத்தி வாங்கினாலும், பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுத்தாலும் இந்தப் படத்தில் ஒரு கோடுகூட மாறாது. அவ்விரண்டையும் செயல்முறையாக வரைந்தாலோ, பணம் வந்ததா என்று பார்க்கும் படி முதலதில் அனுப்புதலுக்கு முன்னும் மற்றதில் பின்னும் வந்து நிற்கும். (தன் சேவைக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு, பொருள் சேரும்வரை பணத்தை வைத்திருக்கும் இடைத்தரகர் நுழைந்தால், அப்போது வணிக மாதிரியும் மாறும்.)

இரண்டு மாதிரிகளுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. வணிக மாதிரியின் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் நிறைவேற்றும் படிகள் செயல்முறையில் இருக்கின்றனவா என்று பொருத்திப் பார்ப்பதுதான் அந்தத் தொடர்பு. அந்தப் படிகளின் வரிசையை வடிவமைப்பாளரே தீர்மானிக்க வேண்டும்.