கெர்னலுக்கு வேண்டியது இன்ஹெரிட்டன்ஸ் இல்லை, டிஸ்ட்ரக்டர்

"லினக்ஸ் கெர்னல் சி மொழியில் எழுதியது, அதனால் அதில் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் சமாச்சாரமே கிடையாது" என்று யாராவது சொன்னால், அவர் கெர்னலின் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) சோர்ஸைத் திறந்தே பார்க்கவில்லை என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

ஒரு சின்ன கேரக்டர் டிரைவர் (பைட் பைட்டாகப் படித்து எழுதும் சாதனத்தை இயக்கும் கோடு) எழுதிப் பாருங்கள். ஓப்பன், ரீட், ரைட், ரிலீஸ் என்று நாம் எழுதிய ஃபங்ஷன்களின் பாயின்டர்களை ஃபைல்_ஆபரேஷன்ஸ் என்ற ஸ்ட்ரக்டில் நிரப்பிக் கொடுக்கிறோம். யாரோ ரீட் கூப்பிட்டதும் விஎஃப்எஸ் (எல்லா ஃபைல்களுக்கும் பொதுவான கெர்னல் அடுக்கு) அந்த பாயின்டர் வழியாக நம் கோடுக்குள் நுழைகிறது. அந்தப் பக்கம் இருப்பது இஎக்ஸ்டி4 ஃபைலா, சீரியல் போர்ட்டா என்று அதற்குக் கவலையே இல்லை. சி++ காரர்கள் விர்ச்சுவல் டேபிள் என்பது இதைத்தான். (கல்லூரிகளில் பாலிமார்ஃபிசத்துக்கு, அதாவது ஒரே அழைப்புக்கு ஆளுக்கொரு செயல் என்பதற்கு, இன்னும் நாய் குரைக்கும், பூனை கத்தும் உதாரணம்தான் ஓடுகிறது. இதைக் காட்டலாமே!) பொதுவான ஸ்ட்ரக்டைத் தன் ஸ்ட்ரக்டுக்குள் பதித்து, கன்டெய்னர்_ஆஃப் மேக்ரோவால் வெளியே உள்ளதன் முகவரியைக் கணக்கிட்டு எடுத்தால் இன்ஹெரிட்டன்ஸும் (ஒன்றின் பண்புகளை இன்னொன்று பெறுவது) ஆயிற்று. கம்பைலர் பார்க்கவேண்டிய வேலையைக் கையால் பார்க்கிறோம்.

அப்புறம் ஏன் சி++ வேண்டாம் என்றார்கள்? 1992-லேயே லினக்ஸில் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். எக்ஸெப்ஷனும் (பிழை வந்தால் கோடில் வேறிடத்துக்குத் தாவும் ஏற்பாடு), நமக்குத் தெரியாமல் நடக்கும் மெமரி ஒதுக்கீடும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் முக்கியப் புகார்கள். நியாயம்தான். இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் (சாதனம் கூப்பிட்டதும் உடனே ஓடும் கோடு) தூங்கக்கூடாது. ஒரு சாதாரண வரிக்குப் பின்னால் மெமரிக்காகக் காத்திருக்கும் கோடு ஒளிந்திருந்தால் கதை முடிந்தது.

ஆனால் ஆப்பிளின் ஐஓகிட் டிரைவர் அமைப்பு சி++ தான். எக்ஸெப்ஷன், டெம்ப்ளேட், மல்டிபிள் இன்ஹெரிட்டன்ஸ் மூன்றையும் வெட்டிவிட்டார்கள். ஹைக்கூ ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலும், கூகுளின் சிர்கான் கெர்னலும் சி++ தான். அதற்காக இன்ஹெரிட்டன்ஸ் இலவசமாக வருவதில்லை. பேஸ் கிளாஸில் புதிதாக ஒரு விர்ச்சுவல் ஃபங்ஷன் சேர்த்தால் டேபிள் நகர்ந்து, ஏற்கெனவே கம்பைல் செய்த டிரைவர்கள் உடைந்துபோகும். அதனால் ஐஓகிட் கிளாஸ்களில் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, பின்னால் வரப்போகும் ஃபங்ஷன்களுக்குக் காலி இடங்களை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

என்னைக் கேட்டால், இவ்வளவு பாடுபட்டு இன்ஹெரிட்டன்ஸைக் கொண்டுவருவது வீண். டிரைவர் கோடில் உண்மையில் வலிப்பது வேறு இடம். புரோப் ஃபங்ஷனில் (சாதனத்தைக் கண்டதும் கெர்னல் கூப்பிடுவது) மெமரி வாங்கி, கிளாக்கை இயக்கி, ஐஆர்க்யூ (இன்டரப்ட் லைன்) கேட்கும்போது தோற்றால், வாங்கியதையெல்லாம் பின்னிருந்து முன்னாகத் திருப்பித் தரவேண்டும். அதற்காகக் கீழே வரிசையாக லேபிள்கள், மேலே வரிசையாக அங்கே தாவும் கோட்டூக்கள். நடுவில் ஒரு எர்ரர் பாதையில், வாங்கிய லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) அன்லாக் செய்வது விட்டுப்போனால், அடுத்து அந்த லாக்கைக் கேட்பவர் காத்துக்கொண்டே கிடப்பார்.

சி++ இல் டிஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் முடியும்போது தானே ஓடிச் சுத்தம் செய்யும் ஃபங்ஷன்) தீர்க்கும் பிரச்சினை இது. 2023-இல் 6.5 கெர்னலில் ஜிசிசி கம்பைலரின் கிளீனப் வசதியைக் கொண்டு கார்டு மேக்ரோக்களைச் சேர்த்தார்கள். பிளாக்கை விட்டு வெளியேறினால் லாக் தானே விடுபடும். சி++ஐ விரட்டிய வீட்டுக்குள், அதன் மிகச்சிறந்த பண்டம் மட்டும் கொல்லைப்புறமாக வந்து சேர்ந்திருக்கிறது! அதற்குச் சற்றுமுன், 2022 டிசம்பரில் வந்த 6.1-இல் ரஸ்ட் மொழி நுழைந்தது. அதில் டிராப் (டிஸ்ட்ரக்டர் போன்றது) உண்டு, டிரெய்ட் (ஒரு டைப் செய்யவேண்டியவற்றின் பட்டியல்) உண்டு, கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸ் கிடையாது.

3 கோடி வரிகளுக்குமேல் உள்ள லினக்ஸை யாரும் திரும்ப எழுதப்போவதில்லை, எழுதவும் வேண்டாம். புதிதாக கெர்னல் எழுத உட்காருபவர் என்றால், ரஸ்டில் தொடங்குங்கள் என்பேன். இல்லை, சி++ தான் என்று அடம்பிடித்தால் சரி, எழுதட்டும். எக்ஸெப்ஷனை மட்டும் முதல் நாளே கம்பைலரில் அணைத்துவிடட்டும்.