வண்டியை உயர்த்துவதற்கு முன்னால் சக்கரத்தை இறங்க விடுங்கள்

பழைய மாருதி ஜிப்ஸி ஜீப் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கிய தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். "அண்ணா, எத்தனை இன்ச் லிஃப்ட் போடலாம்?" லிஃப்ட் (அதாவது வண்டியின் உடலைச் சக்கரத்துக்கு மேல் இன்னும் உயர்த்துவது) இப்போதைக்கு வேண்டாம், இருக்கிற சஸ்பென்ஷனை முதலில் ஒழுங்காக வேலை செய்ய வையுங்கள் என்று சொன்னால் பாதிப்பேருக்கு முகம் வாடிவிடுகிறது. ஆனாலும் அதைத்தான் சொல்வேன். சேற்றிலும் பாறையிலும் வண்டி நகர வேண்டுமென்றால் நான்கு டயரும் தரையில் இருக்க வேண்டும், உயரம் அதற்கு அப்புறம்தான். வீட்டு ஷெட்டில் சொந்தக் கையால் வேலை செய்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்களுடைய காசும் உழைப்பும் தப்பான இடத்தில் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஜிப்ஸியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. 1985-இல் வந்து 2019-இல் நின்றுபோன வண்டி. தனிச் சேசிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்சில் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு), நான்கு மூலையிலும் கமான் பட்டை (வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்), எடை ஏறக்குறைய 1 டன். கமான் பட்டையின் அழகே அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதுதான். எடையைத் தாங்குவதும் அதுவே, ஆக்சில் முன்னே பின்னே போகாமல் பிடித்து வைப்பதும் அதுவே. தனியாகக் கைகளோ லிங்க்குகளோ கிடையாது. ஒரு செட் சாக்கெட், நல்ல ஜாக்கி, நான்கு உறுதியான ஸ்டாண்ட், சுத்தியல், பெஞ்ச் வைஸ் இருந்தால் வீட்டிலேயே முழு செட்டையும் கழற்றிப் பூட்டலாம். இன்றைய வண்டிகளில் இந்த வசதி குறைவு. 2020-இல் வந்த புது மஹிந்திரா தார் ஜீப்பில் முன்பக்கம் தனித்தனி விஷ்போன், பின்பக்கம் மல்டிலிங்க், எல்லாம் காயில் ஸ்பிரிங். ஓட்ட அருமையாக இருக்கும், ஆனால் அதில் கை வைக்க வேறு மாதிரிக் கணக்கு வேண்டும்.

சரி, உயரம் ஏன் ஏமாற்றுகிறது? முழு ஆக்சில் வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பது டிஃபரன்ஷியல் உருண்டை, ஆக்சிலில் இருந்து இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் மேலே போவது சேசிஸும் பாடியும்தான், அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். நடுப்பாறையில் போய் இடிப்பது அதுதானே. அதை உயர்த்த நமக்கு நடைமுறையில் இருக்கும் வழி பெரிய டயர், அதிலும் விட்டம் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மிமீ. 215/75 ஆர்15 போட்டால் சுமார் 703 மிமீ. ஆக்சில் ஏறுவது 18 மிமீக்குள். ஸ்பீடோமீட்டர் 5 சதவீதம் குறைத்துக் காட்டும், கியரும் கொஞ்சம் கனமாகத் தெரியும். லிஃப்ட்டால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேடு ஏறி இறங்கும்போது வயிறு தட்டாது, முன் பின் கோணம் (வண்டியின் மூக்கும் வாலும் இடிக்காமல் ஏறி இறங்கும் கோணம்) கூடும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் வண்டி மாட்டிக்கொண்டு நிற்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் ஆரம்பத்தில் யோசிப்பதே இல்லை.

சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு திருகுவிசைதான் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற எவ்வளவு போதுமோ, அந்தச் சொற்ப விசைதான் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் போகும். ஃபோர் வீல் போட்டிருந்தாலும் இதே கதைதான். முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே சமயத்தில் தூக்கிக்கொண்டால், இரண்டும் காற்றில் சுற்றும், வண்டி அசையாது. குறுக்குப் பள்ளத்தில் ஜிப்ஸி நிற்பது பெரும்பாலும் இப்படித்தான். விறைப்பான ஸ்பிரிங்கோடு 5 அங்குலம் தூக்கிய வண்டியும் அதே பள்ளத்தில் அதே மாதிரி நிற்கும், கூடவே கவிழ்கிற பயம் வேறு.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, என் சக்கரம் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதுதான். இதை அளக்க ஒன்றும் செலவில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஒரு முன் சக்கரத்தின் கீழ் ஜாக்கி வைத்து மெதுவாக ஏற்றுங்கள், இன்னொருவர் மற்ற மூன்று டயரையும் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். வேறொரு டயர் தரையை விட்டுக் கிளம்பும் நொடியில், தூக்கிய டயரின் அடி தரையிலிருந்து எத்தனை மிமீ என்று குறித்து வையுங்கள். வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது. சாய்தளத்தில் செய்யும் முறையும் உண்டு: 20 டிகிரி சாய்வுப் பலகையில் ஒரு சக்கரத்தை ஏற்றி, இன்னொரு சக்கரம் தூக்கும் வரை ஏறிய தூரத்தை வீல்பேஸால் (முன் பின் சக்கர மையங்களுக்கு இடையில் உள்ள தூரம்) வகுத்து 1000-ஆல் பெருக்குவார்கள். ஜிப்ஸியின் வீல்பேஸ் 2375 மிமீ. பலகையில் 1000 மிமீ ஏறினால் 421 மதிப்பெண். எந்த வேலை செய்வதற்கு முன்பும் ஒரு தடவை, முடித்த பிறகு ஒரு தடவை அளந்தால் போதும், செலவு செய்த காசுக்குப் பலன் வந்ததா என்று எண்ணே சொல்லிவிடும்.

பழைய வண்டியில் முதலில் செய்ய வேண்டியது கமான் பட்டைக் கட்டைப் பிரிப்பது. பட்டைகளுக்கு நடுவில் துருவும் மண்ணும் ஏறி, எல்லாம் ஒரே கட்டியாக இறுகிப்போயிருக்கும். சென்டர் போல்ட்டைக் கழற்றும்போது இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மாறிமாறித் தளர்த்துங்கள், உள்ளே அடங்கியிருக்கும் விசை கையை முறித்துவிடும். பிரித்ததும் கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் இருக்கும் கூர்மையை உருட்டித் தேய்த்துவிடுங்கள். அந்த நுனிதான் மேல்பட்டையைக் கிள்ளிக்கொண்டு அசையவிடாமல் வைத்திருப்பது. அப்புறம் கிராஃபைட் கிரீஸ், அல்லது நுனியில் நைலான் துண்டு. புஷ் (பட்டை முனைகளில் இருக்கும் ரப்பர் உறை) எல்லாம் புதிது. இவ்வளவு செய்தாலே வண்டி வேறு மாதிரி ஓடும், ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்தாமல்.

இதற்கு நேர் எதிராக நடப்பது, கமான் பட்டறைக்குப் போய் "ஒரு பட்டை சேர்த்துப் போடுங்க" என்பது. பட்டறைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் அவர்கள் கண் பழகியிருப்பது லாரிக்கும் லோடுக்கும். விறைப்பு பட்டையின் தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்பக் கூடும். மற்ற அளவெல்லாம் ஒன்றாக இருக்க, 6 மிமீ பட்டைக்குப் பதில் 8 மிமீ பட்டை போட்டால் அந்த ஒரு பட்டையின் விறைப்பு 2.37 மடங்கு. வெறும் 2 மிமீ வித்தியாசம்தானே என்று நினைத்தால் வண்டி மாட்டு வண்டி போலக் குதிக்கும், சக்கரம் பள்ளத்தில் இறங்கவே இறங்காது. மெல்லிய பட்டைகள் கொஞ்சம் அதிக எண்ணிக்கையில், நீளத்தில் படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும் கட்டுதான் நமக்கு வேண்டியது. இன்னொன்று, பட்டையின் மேல் வெல்டிங் பொறி கூடப் படக்கூடாது. அது பதம் ஏற்றிய எஃகு, சூடு பட்ட இடத்தில் பதம் கெட்டுப்போகும், பிறகு ஒருநாள் சரியாக அந்த இடத்தில் ஒடியும்.

நீள ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் அசையும் இணைப்பு) போடுவது மலிவான வழி என்று நிறைய பேர் செய்கிறார்கள். பட்டையின் ஒரு முனை சேசிஸில் நிலையாக இருப்பதால், ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் கிடைப்பது ஏறக்குறைய 1 அங்குலம்தான். ஜிப்ஸியில் முன் ஷேக்கிள் பட்டையின் முன் முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்சில் முன்பக்கமாகச் சாய்ந்து காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும். காஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வைத்துக் கோணத்தைச் சரிசெய்யலாம், ஆனால் அப்போது டிஃபரன்ஷியலின் மூக்கு இடம் மாறும், ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் கோணம் மாறும், அதிர்வு வரும். ஒரு இடத்தைத் தொட்டால் நான்கு இடம் பதில் கேட்கும் வேலை இது.

பெரிய லிஃப்ட் என்றால் ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே மாற்றிப் பூட்டுவது. ஜிப்ஸிக்கு அதில் சுமார் 5 அங்குலம் வரும். பழைய மெல்லிய பட்டையையே வைத்துக்கொள்ளலாம் என்பதால் அசைவும் நன்றாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆக்சிலில் புது இருக்கைகளைச் சரியான கோணத்தில் வெல்டு செய்ய வேண்டும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் ரொம்பச் சரிவாகிவிடுவதால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் தானாக இழுக்கும், அதற்கு வேறு அமைப்பு வேண்டும். முழு விசையில் பட்டை எஸ் வடிவில் முறுக்கிக்கொள்ளும், அதைத் தடுக்கத் தனிக் கம்பி வேண்டும். பிரேக் ஹோஸ் நீளம், ஷாக் அப்சார்பர் நீளம், ஷாஃப்ட் நீளம் எல்லாம் புதிதாக. இதில் பாதியைச் செய்துவிட்டு மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. எதிரில் பைக்கில் வருகிறவர் என்ன பாவம் செய்தார்?

கவிழ்வதற்கான கணக்கு எளிது. ஜிப்ஸி கிங் மாடலில் இடது வலது டயர்களின் நடு தூரம் சுமார் 1300 மிமீ. புவியீர்ப்பு மையம் 650 மிமீ உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், பக்கச்சாய்வில் கவிழும் எல்லை 45 டிகிரி. மையம் 125 மிமீ மேலே போனால் அது 40 டிகிரி. இதுவும் வண்டியைக் கல்லாக நினைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் ஸ்பிரிங் சாயும், டயர் நசுங்கும், எல்லை இன்னும் சீக்கிரம் வரும்.

ஷாக் வாங்குவதில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். பிராண்டைப் பார்ப்பதற்கு முன்னால், ஆக்சிலை முழுதாக மேலே ஏற்றியும் முழுதாகக் கீழே தொங்கவிட்டும் ஷாக்கை மாட்டும் மேல், கீழ் இரண்டு இடத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். மேலே போகும்போது ஷாக் முழுதாக அமுங்கி அடிப்பதற்கு முன்பு பம்ப் ஸ்டாப் (அடியைத் தாங்கும் ரப்பர் கட்டை) தொட வேண்டும். கீழே தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடக்கூடாது. ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி சொந்தச் சக்கரத்தில் நிற்கும்போது மட்டும் இறுக்குங்கள், தொங்கும்போது இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து கிழியும். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் ஒருதடவை இறுக்கினால் நீண்டுவிடும், கழற்றினால் புதிதுதான்.

இப்போது சட்டம். கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை வைத்துச் சொல்லிவிட்டது. அதே ஆண்டின் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஜெர்மனியில் மாற்றிய வண்டியைப் பொறியாளர் சோதித்து ஆவணத்தில் ஏற்றும் முறை இருக்கிறது. பிரேக் ஹோஸ் முதல் ஜாயிண்ட் கோணம் வரை பொறுப்பாகச் செய்தவனுக்கும், ஷேக்கிளை மட்டும் நீட்டிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டியவனுக்கும் அங்கே வித்தியாசம் தெரியும். இங்கே அப்படி ஒரு வழி வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. ஆனால் கேட்பவர்கள் வண்டியைப் பாதுகாப்பாக வைத்திருந்தால்தான் அந்தக் குரலுக்கு மதிப்பு. கம்பெனி உயரத்திலேயே புஷ், பட்டை, ஷாக் எல்லாவற்றையும் புதிதாக்குவது பராமரிப்பு. நான் முதலில் அதைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சந்தேகம் இருப்பவர்கள் மூணாறு பக்கம் இருக்கும் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஒருதடவை ஜீப்பில் போய்ப் பாருங்கள். தினமும் ஆளேற்றிக்கொண்டு அந்தக் கற்பாதையில் ஏறுகிற வண்டிகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் கமான் பட்டை வைத்த பழைய மஹிந்திராக்கள், உயர்த்தாதவை. அந்த ஓட்டுநர் அண்ணன்கள் எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைக்கிறார்கள், எங்கே வேகத்தைக் குறைக்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். டயரில் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் நம் ஜிப்ஸிக்குக் கல்லில் கிடைக்கும் பிடி, பல ஆயிரம் ரூபாய் லிஃப்ட் கிட்டில் கிடைக்காது. தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரஸர் போதும்.

இந்த வாரம் ஷெட்டில் இறங்குகிறவர்கள் வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த மிமீ அளவை இங்கே போடுங்கள், வண்டி எந்த வருடம், எத்தனை பட்டை, ஒவ்வொன்றும் எவ்வளவு தடிமன் என்பதோடு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வைத்துவிட்டு இறங்குங்கள். யூ போல்ட்டை 100 கிமீ ஓட்டியதும் மறுபடி ஒருதடவை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.