ரிப்போர்ட்டில் இருக்கிற பேரும் நம் வாயில் இருக்கிற பேரும்

"எனக்குத் தைராய்டு இருக்கு" என்று யாராவது சொன்னால் நாம் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. தைராய்டு எல்லோருக்கும்தான் இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு சுரப்பி அது. பிரஷர் இருக்கு, கொலஸ்ட்ரால் இருக்கு, யூரிக் ஆசிட் இருக்கு என்பதெல்லாமும் அப்படித்தான். பிரஷர் என்று ஒன்று இல்லாமல் போனால் ஆளே இல்லை.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. நோய்க்கு வீட்டில் புழங்க ஒரு பேர் வேண்டும் என்கிற கட்சிதான் நானும். ஆனால் பேரைச் சுருக்கும்போது சில சமயம் சரக்கே கீழே விழுந்துவிடுகிறது. தைராய்டில் அப்படி விழுந்துபோவது, கூடுதலா குறைவா என்கிற விஷயம். இரண்டும் நேர் எதிரான கோளாறுகள். ஒன்றுக்குக் கொடுக்கிற மாத்திரை இன்னொன்றை மோசமாக்கும். "எனக்கும் தைராய்டு, உனக்கும் தைராய்டு" என்று மாத்திரையைப் பங்கு போட்டுக்கொள்ளும் அக்கா தங்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஒரு லேபில் ரிப்போர்ட் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவன். கவரைப் பிரித்ததும் மக்கள் முதலில் பார்ப்பது தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்ணை. அடுத்துப் பார்ப்பது என் முகத்தை. டிஎஸ்ஹெச் 11 என்று வந்த ஓர் அம்மா, "தம்பி, தைராய்டு ஏறிப்போச்சு. மாத்திரை ஜாஸ்தியாயிடுச்சு போல. இனிமே பாதியா உடைச்சுப் போட்டுக்கிறேன்" என்றார். ஏறினால் குறைக்க வேண்டும், அவர் கணக்கு அவர் வரையில் சரி. ஆனால் ஏறியது தைராய்டு ஹார்மோன் இல்லை. டிஎஸ்ஹெச் வருவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து. தைராய்டை வேலை வாங்க அது போடுகிற சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் மந்தமாக வேலை செய்தால் மேஸ்திரியின் சத்தம் கூடும். எண் மேலே போயிருந்தால் சுரப்பி மந்தமாகியிருக்கிறது, அல்லது போடுகிற மாத்திரை போதவில்லை என்று அர்த்தம். இதில் பாதியாக உடைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. "டாக்டரைக் கேட்காம எதையும் மாத்தாதீங்கம்மா" என்பதற்கு மேல் நான் பேசக் கூடாது. அந்த மேசையின் விதி அது. சரியான விதிதான். ஆனால் அந்தத் தாளிலேயே இரண்டு வரி இருந்தால் என்ன குறைந்துவிடும்?

எக்கோ ரிப்போர்ட்டில் இன்னொரு வேடிக்கை நடக்கும். ஈஎஃப் 60 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். "ஹார்ட் அறுபது பர்சென்ட்தான் வேலை செய்யுதாம், மீதி போயிடுச்சாம்" என்று வீட்டில் சோறு இறங்காது. இதயத்தின் இடது கீழறையில் நிரம்புகிற ரத்தத்தில், ஒரு துடிப்புக்கு எவ்வளவு பங்கு வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயமும் அறையைக் காலி செய்வதில்லை. சுமார் 50 முதல் 70 வரை இருந்தால் நார்மல். நூறு வாங்குகிற இதயம் உலகத்தில் கிடையாது. ஆக, நார்மலான ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் கலங்கி நிற்கிறது. 'ஹார்ட் ஃபெயிலியர்' என்ற பேரும் இப்படித்தான். இதயம் நின்றுவிட்டது என்றுதான் காதில் விழும். உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை அனுப்பத் திணறுகிறது என்பதே பொருள். மருந்தோடு பல ஆண்டுகள் நடமாடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

அக்யூட் என்றால் கடுமையானது, கிரானிக் என்றால் முற்றிப்போனது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். இரண்டும் காலத்தைச் சொல்கிற சொற்கள். திடீரென்று வந்தது அக்யூட். சாதாரண ஜலதோஷமும் அக்யூட்தான். நாள்பட இருப்பது கிரானிக், அது லேசாகவும் இருக்கலாம். லீஷன் என்றால் வழக்கத்துக்கு மாறாகத் தெரியும் ஓர் இடம், அவ்வளவே. அது எதனால் என்று அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை. நோயின் பேருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி இருந்தால் டாக்டர் சந்தேகப்படுகிறார், இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொருள். கேள்விக்குறியை விட்டுவிட்டுப் பேரை மட்டும் படித்து இரவெல்லாம் தூங்காதவர்கள் உண்டு. பாசிட்டிவ், நெகட்டிவ் கதை எல்லோருக்கும் கோவிட் காலத்தில் பழகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. தேடினோம், அகப்பட்டது என்பது பாசிட்டிவ். தேடினோம், அகப்படவில்லை என்பது நெகட்டிவ். நல்லதா கெட்டதா என்பது எதைத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது.

இடியோபதிக் என்று ஒன்று உண்டு. கேட்டால் பெரிய வியாதி போலிருக்கும். காரணம் தெரியவில்லை என்பதைக் கோட்டு மாட்டிச் சொல்வது அது.

இவையெல்லாம் பயமுறுத்துகிற பேர்கள். பயம் ஒரு வகையில் பரவாயில்லை. பயந்தவர் எப்படியும் டாக்டரிடம் போய்விடுவார். எனக்கு அதிகக் கவலை தருவது நாமே வைத்துக்கொண்டிருக்கிற சொகுசான பேர்கள்தான். முதலிடம் 'கேஸ்' என்கிற பேருக்கு. நெஞ்சில் பாரமா, கேஸ். மேல் வயிற்றில் வலியா, கேஸ். தோள்பட்டையில் இழுக்கிறதா, கேஸ் அங்கே போய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சில மாரடைப்புகள் நெஞ்சு வலியே இல்லாமல், மேல் வயிற்றுப் பிசைவும் வாந்தியும் வியர்வையுமாக வரும். பெண்களுக்கும், நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும் இப்படி வர வாய்ப்பு கூடுதல். அந்த நேரத்தில் வீட்டில் யாரோ ஒருவர் "கேஸ்தான், ஒரு ஏப்பம் விட்டா சரியாயிடும்" என்று பேர் வைத்துவிட்டால் அதோடு முடிந்தது. பேர் வைத்தாயிற்று, இனி யாரும் யோசிக்க மாட்டார்கள். மாரடைப்பில் ரத்தம் போகாத இதயத் தசை மணிக்கணக்கில் செத்துக்கொண்டே போகும். ஏப்பத்துக்குக் காத்திருக்கும் நேரமும் அதில் சேர்த்திதான்.

'ஹார்ட் ஸ்ட்ரோக்' என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு நோய் இல்லை. ஸ்ட்ரோக் மூளையில் வருவது, பக்கவாதம். ஹார்ட் அட்டாக் இதயத்தின் ரத்தக்குழாய் அடைபடுவது, மாரடைப்பு. கார்டியாக் அரெஸ்ட் என்பது இதயத் துடிப்பே நின்றுபோவது. மூன்றிலும் செய்ய வேண்டியது வேறு. முகம் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால் அது மூளை. அடைப்பினால் வந்த ஸ்ட்ரோக்கில் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதிலும் முந்தினால்தான் பலன். நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால், ஆம்புலன்ஸ் வரும் வரை நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பேர் குழம்பினால் தொலைபேசியில் சொல்கிற விவரம் குழம்பும். "மயக்கம் போட்டுட்டார்" என்றால் எதிர்முனையில் இருப்பவர் என்ன புரிந்துகொள்வார்? தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாரா, விழுந்து ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டாரா, இன்னும் எழவே இல்லையா? மூன்றுக்கும் நம்மிடம் மயக்கம்தான்.

'கட்டி'யும் இதே ரகம். சீழ் பிடித்த கொப்புளமும் கட்டி, நெறி கட்டினாலும் கட்டி, மார்பில் வலிக்காமல் கெட்டியாகத் தட்டுப்படுவதும் கட்டி. வலிக்கிற கட்டிக்கு ஓடுகிறோம், வலிக்காததை விட்டுவைக்கிறோம். வலிக்காததைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் நரம்பு. பேச்சுத் தமிழில் உடம்புக்குள் நீளமாக ஓடுவது எல்லாமே நரம்புதான். ஊசி ஏற்றுவது நரம்பில், அது உண்மையில் ரத்தக்குழாய். இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தால் நரம்பு இழுக்கிறது, அது தசை. காலில் நீலமாகப் புடைத்துக்கொண்டு நெளிவது நரம்புச் சுருட்டல், அது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய், அதன் வால்வுகள் பழுதாகி ரத்தம் மேலே ஏறாமல் தேங்குவது. இதற்காக நரம்பியல் டாக்டரிடம் டோக்கன் போட்டு அரை நாள் உட்கார்ந்து, "நீங்க பார்க்க வேண்டியது என்னையில்லை" என்ற பதிலோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. உண்மையான நரம்புக் கோளாறு, சர்க்கரையால் பாதம் மரத்துப்போவது, அதற்குப் பேரே வைப்பதில்லை. "கால் கொஞ்சம் மதமதன்னு இருக்கு" என்று கடந்துபோகிறது. செருப்பு கழன்றதும் தெரியாது, ஆணி குத்தியதும் தெரியாது.

இந்த இடத்தில்தான் தமிழார்வலர்கள் சிலரோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஆங்கிலப் பேரைத் தூக்கிவிட்டுத் தமிழ்ப் பேரை வைத்தால் மக்களுக்குப் புரிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். ஹெபடைட்டிஸ் என்பதைக் கல்லீரல் அழற்சி என்று எழுதுகிறோம். நல்ல சொல், நானும் எழுதுவேன். ஆனால் வரிசையில் நிற்பவர் அடுத்துக் கேட்பது, "அழற்சின்னா என்ன தம்பி?" என்றுதான். ரத்தக்கொதிப்பு இன்னும் மோசம். "எனக்குக் கோபமே வராது, எனக்கெப்படிக் கொதிப்பு வரும்?" என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். பிரஷர் 140க்கு 90ஐத் தாண்டி வருடக்கணக்கில் நின்றாலும் பெரும்பாலும் உடம்பு ஒரு குறியும் காட்டாது. கொதிக்கவும் கொதிக்காது. ஹைப்பர்டென்ஷன் என்ற ஆங்கிலப் பேருக்குள் இருக்கிற டென்ஷனும் இதே தப்பைத்தான் செய்கிறது. அப்படியிருக்க மொழியை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

டாக்டர்களே இந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள். டயபடீஸ் இன்சிபிடஸ் என்று ஒரு அரிய நோய். சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாசோபிரெசின் என்ற ஹார்மோன் குறைவாலோ, சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காததாலோ தண்ணீர் சிறுநீராகக் கொட்டிக்கொண்டே இருக்கும். பேரில் டயபடீஸ் இருப்பதால் மருத்துவமனையிலேயே சர்க்கரை நோயாளி என்று எண்ணி, அவர்களுக்கு உயிர்நாடியான மருந்தைக் கொடுக்காமல் விட்டு, சாவு வரை போயிருக்கிறது. அதனால் 2022இல் நிபுணர்கள் கூடி அந்தப் பேரையே மாற்றச் சொன்னார்கள். ஹார்மோன் குறைகிற வகைக்குப் புதுப் பேர் ஆர்ஜினின் வாசோபிரெசின் டெஃபிஷியன்சி. வாயில் நுழையாதுதான், ஆனால் ஆளைக் கொல்லாது. இதற்கு அடுத்த வருடம், 2023இல், ஃபேட்டி லிவருக்கும் பேர் மாற்றினார்கள். கொழுப்பு, குடி என்று நோயாளியைக் குத்துகிற சொற்கள் வேண்டாம் என்பது ஒரு காரணம். எண்ணம் நல்லது. இப்போது அது மெட்டபாலிக் டிஸ்ஃபங்ஷன் அசோசியேட்டட் ஸ்டியாட்டாட்டிக் லிவர் டிசீஸ். ஸ்கேன் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் இதை யார் யாரிடம் சொல்வது? ஃபேட்டி லிவர் இன்னும் பல வருடம் ஃபேட்டி லிவராகத்தான் இருக்கும்.

பேர் எந்த மொழியில் இருந்தாலும், அதன் பக்கத்தில் ஒரு முழு வாக்கியம் வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான். உடம்பில் என்ன நடக்கிறது, நான் என்ன செய்ய வேண்டும், எது நடந்தால் உடனே ஓடிவர வேண்டும். டாக்டரிடம் நோயின் பேரைக் கேட்டுக்கொண்டு எழுந்துவிடாதீர்கள், வாக்கியத்தைக் கேளுங்கள். அப்புறம் உங்களுக்குப் புரிந்ததை அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள். "அப்போ சார், எனக்குச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினா ஹைப்போ, அப்ப இனிப்பு சாப்பிடணும், ஏறினா ஹைப்பர், அப்ப சாப்பிடக் கூடாது, சரிதானே?" காதில் கிட்டத்தட்ட ஒன்றாக விழுகிற இரண்டு சொற்கள், வைத்தியமோ நேர் எதிர். இதைச் சொந்த வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தவருக்கு நடுராத்திரியில் கை நடுங்கும்போது குழப்பம் வராது.

மருந்துச் சீட்டிலும் அதே கதைதான். எஸ்ஓஎஸ் என்று போட்டிருந்தால் அவசரம், உடனே சாப்பிடு என்று அர்த்தம் இல்லை. தேவைப்பட்டால் மட்டும். பிடி இரண்டு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, ஹெச்எஸ் படுக்கும்போது. 1-0-1 என்று எழுதுகிற டாக்டர்களுக்குக் கும்பிடு போடலாம், பள்ளிக்கூடம் போகாதவருக்கும் அது புரிகிறது. இன்னொன்று, பாராசிட்டமாலும் அசிட்டமினோஃபெனும் ஒரே மருந்தின் இரண்டு பேர்கள். ஜலதோஷத்துக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் அது ஒளிந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று மூன்று பேரில் ஒரே மருந்தை விழுங்கினால், பெரியவர்களுக்கான ஒரு நாள் உச்சவரம்பான 4 கிராமை எளிதாகத் தாண்டிவிடலாம். தாண்டினால் அடி வாங்குவது கல்லீரல். அட்டையின் முன்பக்கப் பேரை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பேரைப் படியுங்கள்.

டிஎஸ்ஹெச் எண்ணுக்குக் கீழே, "இந்த எண் கூடினால் பெரும்பாலும் சுரப்பி மந்தமாக இருக்கிறது என்று பொருள். மருந்தின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்" என்று இரண்டு வரி அச்சடிக்கலாமே என்று எங்கள் மேலாளரிடம் கேட்டேன். தாளில் இடம் இல்லை என்றார். இடம் இல்லைதான். கீழே கால் பக்கத்துக்கு முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் விளம்பரம் இருக்கிறது.