ராச்செஸ்டரிடமிருந்து இன்னும் எத்தனை அணிகளைப் பிடுங்குவீர்கள்?

வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் லக்ராஸில், தொழில்முறை அளவில், ஊர் மாறாத அணிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ராச்செஸ்டர் பட்ட பாட்டை வேறு எந்த ஊரும் பட்டதாக எனக்குத் தெரியவில்லை. நியூயார்க் மாநிலத்தில், ஒன்டாரியோ ஏரியின் தென்கரையில் இருக்கிறது. லக்ராஸை உலகத்துக்குக் கொடுத்த ஹோடெனொசோனி என்ற பூர்வகுடி மக்களில் செனெகா இனத்தவரின் மண் அது. அந்த மண்ணிலேயே ஒரு அணி நிலைத்து நிற்க முடியவில்லை என்றால் வயிறு எரியத்தானே செய்யும்?

1974ல் 6 அணிகளோடு உள்ளரங்க ஆட்டத்துக்கான நேஷனல் லக்ராஸ் லீக் தொடங்கியது. முதல் கோப்பையை வென்றது ராச்செஸ்டர் கிரிஃபின்ஸ். அடுத்த சீசனில் பார்த்தால் அந்த அணி லாங் ஐலண்டில் டோமஹாக்ஸ் என்ற பெயரில் ஆடுகிறது. அந்தப் பெயரும் டொரன்டோ அணி கழற்றிப் போட்டது, டொரன்டோ அணி பாஸ்டனுக்குப் போய் போல்ட்ஸ் ஆகிவிட்டது. இத்தனை இடமாற்றத்துக்குப் பிறகும் 1975 சீசனோடு லீக்கே முடிந்துபோனது.

சரி, அது பழைய காலம், அனுபவமில்லாத ஆட்கள் என்று விட்டுவிடலாம். 2001ல் திறந்தவெளி ஆட்டத்துக்காக மேஜர் லீக் லக்ராஸ் வந்தது, ராச்செஸ்டர் ரேட்லர்ஸ் அதில் ஒன்று. 2008ல் கோப்பை வாங்கினார்கள். 2009ல் அதே ஆட்டக்காரர்களை டொரன்டோ நேஷனல்ஸ் சட்டையில் இறக்கிவிட்டார்கள், அந்த வருடக் கோப்பையும் டொரன்டோவுக்கே போனது. கோப்பையை வென்ற அணியை இழப்பது இந்த ஊருக்கு இரண்டாவது முறை! 2011ல் சிகாகோ மெஷின் அணி இங்கே வந்து ரேட்லர்ஸ் பெயரை மறுபடி போட்டுக்கொண்டது. இங்கே சந்தோஷம், சிகாகோவில் எவனோ ஒருத்தன் சட்டையை மடித்து அலமாரியில் வைத்திருப்பான். அதுவும் நிலைக்கவில்லை, 2018ல் டல்லஸுக்குப் போய் 2 சீசன் ஆடியதோடு சரி. 2020 டிசம்பரில் அந்த லீக்கே ராபில் சகோதரர்கள் தொடங்கிய பிரீமியர் லக்ராஸ் லீக்கோடு சேர்ந்துவிட்டது.

ஏன் இப்படி? உள்ளரங்க ஆட்டத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும். ஹாக்கி அரங்கத்தில் பனித்தளத்தை மூடி, அதன்மேல் பச்சைச் செயற்கைப் புல்லை விரிப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அதைச் சுருட்டிவிட்டு ஹாக்கிக்குத் தளத்தைத் தயார் செய்வார்கள். பாய் விரித்துப் படுத்துவிட்டு விடிந்ததும் சுருட்டுகிற குடித்தனம்தான். ஆட்டக்காரர்களில் பலர் வாரநாளில் வேறு வேலை பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை விமானம் ஏறி வருபவர்கள். தொலைக்காட்சிப் பணம் பெரிதாகக் கிடையாது, டிக்கெட் வசூலை நம்பித்தான் ஓட்டம். இதில் வாடகை ஏறினாலோ நல்ல தேதி கிடைக்காவிட்டாலோ மூட்டை கட்ட எவ்வளவு நேரமாகும்?

ஃபிலடெல்ஃபியா விங்ஸைப் பாருங்கள். 1987ல் இன்றைய உள்ளரங்க லீக்கின் (1975ல் முடிந்ததல்ல, பின்னால் அதே பெயரை எடுத்துக்கொண்ட வேறு லீக்) முதல் சீசனில் இருந்த 4 அணிகளில் ஒன்று, 6 கோப்பை வென்ற அணி. 2014ல் கிளம்பி கனெக்டிகட்டில் பிளாக் வுல்வ்ஸ் ஆனது, அங்கிருந்து ஆல்பனி போய் ஃபயர்வுல்வ்ஸ், அப்புறம் ஓஷவா. அதே ஃபிலடெல்ஃபியாவில் 2018ல் அரங்கத்தின் சொந்தக்காரர்களே புது அணி வாங்கி விங்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கொலராடோ மாமத் 2003லிருந்து ஒரே இடத்தில் இருப்பதற்கும் அரங்கமும் அணியும் ஒரே கையில் இருப்பதுதான் காரணம் என்பேன்.

இடமாற்றமே கூடாது என்று சொல்லவில்லை. 2015ல் எட்மன்டன் ரஷ் கோப்பை வென்ற கையோடு சாஸ்கடூனுக்குப் போனது, அங்கே அரங்கம் நிரம்பி வழிந்தது, 2016லும் 2018லும் கோப்பை. அந்த ஊர் மக்களுக்கு அது கிடைக்கக் கூடாது என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் எட்மன்டன்காரன் கத்திய கத்தலையும் சேர்த்து லாரியில் ஏற்றக் கூடாது. அணி போகட்டும், பெயரும் கோப்பைக் கணக்கும் ஊரில் இருக்கட்டும். லீக் இதை விதியாகவே எழுதி வைக்க வேண்டும்.

முடியாத காரியமில்லை. இந்த உள்ளரங்க லீக்கில் ஆடிய ராச்செஸ்டர் நைட்ஹாக்ஸின் உரிமையாளர் கர்ட் ஸ்டைர்ஸ், ஹோடெனொசோனி மக்களின் சிக்ஸ் நேஷன்ஸைச் சேர்ந்தவர், 2019ல் அணியை ஹாலிஃபாக்ஸுக்குக் கொண்டுபோய் தண்டர்பேர்ட்ஸ் ஆக்கினார். நைட்ஹாக்ஸ் என்ற பெயர் ராச்செஸ்டரிலேயே தங்கியது, பஃபலோ ஹாக்கி அணியின் உரிமையாளர்களான பெகுலா குடும்பம் அதே பெயரில் புது அணியை இறக்கியது. இத்தனை தடவை ஏமாந்த ஊருக்கு அதாவது மிஞ்சியதே என்று எனக்கு மனசு ஆறியது.

அந்தப் பழைய நைட்ஹாக்ஸ் 2012, 2013, 2014 என்று தொடர்ந்து 3 கோப்பை வென்றது. அது யாருடைய கணக்கு? என்னைக் கேட்டால் ராச்செஸ்டருடையது. ஹாலிஃபாக்ஸ் தன் கோப்பையைத் தானே ஜெயிக்கட்டும்.